அடுத்து எழுதப்போவது யார்?

நாவலூரில் குடியிருப்பவர்களுக்குத் தண்ணீர் லாரியைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. பழைய மகாபலிபுரம் சாலையின் இரு பக்கமும் அடுக்ககங்கள் எழும்பிய வேகத்தில் குழாய்த் தண்ணீர் வந்து சேரவில்லை. பல குடியிருப்புகள் சொந்த போர்வெல்லையும் லாரியையும் வைத்துத்தான் காலம் தள்ளுகின்றன. 2019 ஜூன் மாதம் சென்னை நகரத்துக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் வற்றியபோது, இந்தச் சாலையில் இருந்த சில ஐ.டி. நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது பலருக்கு நினைவிருக்கும். லாரி எங்கே நிரப்பி வருகிறது, எத்தனை லிட்டர், என்ன விலை, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். எவ்வளவு என்ற விவரமெல்லாம் ஒவ்வொரு குடியிருப்பின் செக்யூரிட்டி அறையிலும் நீள நோட்டில் தனித்தனியாகக் கிடக்கிறது.

அந்த நோட்டுகளை ஒன்றாக்கிப் பொதுவில் வைக்க ஒரு திறமூலத் தளம் கட்டலாம் என்று நாலு பேர் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். விலையும் தரமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும். நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தலாம். முதல் சனிக்கிழமைக் கூட்டத்தில் தண்ணீரைப் பற்றிய பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். மீதி நேரம் முழுக்க எந்த நிரல்மொழியில் எழுதுவது என்ற சண்டைதான். வங்கி மென்பொருளில் பதினைந்து வருடம் கழித்தவர் ஜாவா என்பார். சமீபத்தில் வேலை மாறியவர் கோ என்பார். வார இறுதிகளில் ரஸ்ட் படித்துக்கொண்டிருப்பவர் ரஸ்ட்டைத் தவிர வேறெதையும் காதில் வாங்கமாட்டார். நாலாமவர் பேசாமல் மடிக்கணினியைத் திறந்து பைத்தானில் எழுத ஆரம்பித்திருப்பார்.

சண்டையில் முதலில் வெளியே வரும் ஆயுதம் வேகம். பைத்தான் மெதுவான மொழி என்பது உண்மைதான். வெறும் கணக்கீட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் சி மொழியைவிடப் பல பத்து மடங்கு பின்தங்கும். ஆனால் நம் தளத்துக்கு எவ்வளவு வேகம் வேண்டும்? முந்நூறு குடியிருப்புகள் சேருகின்றன, ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்குப் பத்து லாரி என்று தாராளமாகவே வைத்தாலும் மொத்தம் 3,000 பதிவுகள். ஒரு நாளில் 86,400 நொடிகள். ஏறத்தாழ 29 நொடிக்கு ஒரு பதிவு. ஒரே நொடியில் நூற்றுக்கணக்கான பதிவுகளை ஏற்க மெதுவான மொழிக்கும் சிரமமில்லை. இந்தத் தளத்தைப் பொறுத்தவரை வேகத்தைப் பற்றிய வாதம் அத்துடன் முடிந்தது. திறமூலத் திட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கும் இதே நிலைதான் என்பது என் கணிப்பு. திட்டம் படுத்துவிடுவது வேகம் போதாததால் அல்ல. எழுதியவருக்குக் கல்யாணமாகும், வேலை மாறும், ஊர் மாறும். அதற்குப் பிறகு கதவைத் திறந்து உள்ளே வர ஆள் இருக்காது.

நிறுவனத்தில் மொழியை முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற ஆளைச் சம்பளம் கொடுத்து எடுக்கலாம். திறமூலத்தில் சம்பளமில்லை. வருகிறவர் தன் கையிலிருக்கும் மொழியோடுதான் வருவார். ஆகவே மொழியைத் தேர்வது என்பது, நாளை யார் வந்து பழுது பார்ப்பார்கள் என்பதை இன்றே தேர்வதுதான்.

1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலைத் திறந்து மொசில்லா திட்டத்தைத் தொடங்கியது. பிழைகளைப் பதிவு செய்ய டெர்ரி வைஸ்மன் ஒரு கருவி எழுதினார், அதுதான் பக்ஸில்லா. முதலில் அதை எழுதிய மொழி டிசிஎல். பொதுவில் விடும் முன் அவர் அதை பெர்ல் மொழிக்கு மாற்றி எழுதினார். பெர்ல் அப்போது அதிகம் பேருக்குத் தெரிந்திருந்தது, அதனால் அதிகம் பேர் கைகொடுப்பார்கள் என்ற எதிர்பார்ப்பே காரணம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. பக்ஸில்லாவைப் பல திட்டங்கள் எடுத்துக்கொண்டன. ஆனால் ஜனங்களின் மொழியும் மாறிக்கொண்டே இருக்கிறது. இன்று கல்லூரியிலிருந்து வெளியே வரும் பிள்ளைகளில் பெர்ல் தெரிந்தவரை விளக்கு வைத்துத் தேட வேண்டும்.

இருபத்தைந்து வருடம் கழித்து இதே கேள்வி இன்னொரு இடத்தில் எழுந்தது. ஃபிஷ் என்ற கட்டளை ஓடு (ஷெல்) 2005-இலிருந்து புழங்கி வருகிறது. சி++ மொழியில் இருந்த அதை ரஸ்ட்டுக்கு மாற்றும் வேலை 2023 ஜனவரியில் தொடங்கியது. சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, இனிமேல் சி++ எழுத ஆர்வத்தோடு முன்வரும் தன்னார்வலர்கள் கிடைப்பது கடினம் என்பது. மாற்றப்பட்ட 4.0 பதிப்பு 2025 பிப்ரவரியில்தான் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த மென்பொருளை மனிதர்களுக்காக இரண்டு வருடம் உட்கார்ந்து மறுபடி எழுதியிருக்கிறார்கள்.

நாளைய ஆளைப் பார்த்து மொழியைத் தேர்வதற்கு விலக்கும் உண்டு, அதுவும் நம் ஊரிலேயே. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மேற்குத் தாம்பரமும் மூழ்கியபோது, அருண் கணேஷும் மேப்பாக்ஸ் நிறுவனத்தின் பெங்களூரு அணியும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் மேல் ஒரு வெள்ள வரைபடத்தை அவசரமாகக் கட்டினார்கள். தண்ணீர் நிற்கும் தெருவைத் தொட்டால் அது நிறம் மாறும். எந்தத் தெருவில் போக முடியாது என்று மற்றவர்களுக்குத் தெரியும். உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் போதுமாக இருந்தது. அங்கே கேள்வி பத்து வருடம் கழித்து யார் பராமரிப்பது என்பதில்லை, ராத்திரிக்குள் எது ஓடும் என்பதுதான். வெள்ளம் வடியும்வரை வாழ வேண்டிய மென்பொருளுக்குக் கைக்கு எது பழக்கமோ அதுவே சரியான மொழி. நம் தண்ணீர் லாரித் தளம் அந்த வகை இல்லை. கோடை வருடா வருடம் வருகிறது.

பக்கத்தில் என்ன கற்றுத்தருகிறார்கள்?

நாவலூரிலிருந்து எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு பொறியியல் கல்லூரி எதிர்ப்படும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 பாடத்திட்டத்தில் முதலாண்டு மாணவர்களுக்கு சி மொழி இருந்தது. 2017 பாடத்திட்டம் அதை மாற்றியது. சிவில், மெக்கானிக்கல் என்று எந்தப் பிரிவானாலும் முதல் பருவத்திலேயே பைத்தான் வந்தது. 2021 பாடத்திட்டத்திலும் அது தொடர்ந்தது. பள்ளியிலும் இதே கதை. 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் பைத்தான் இருக்கிறது, எஸ்கியூஎல் இருக்கிறது, பைத்தானிலிருந்து தரவுத்தளத்தை எப்படித் தொடுவது என்றொரு பாடமே இருக்கிறது. தமிழ்வழியிலும் அதே பாடம்தான். இதற்கு வெளியே, கணியம் இதழ் 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருள்களைப் பற்றித் தமிழில் எழுதி வருகிறது. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில்’ நூல்களை இலவசமாகவே இறக்கிப் படிக்கலாம்.

ஜாவாவை நான் குறை சொல்லவில்லை. பெங்களூரு ஐ.ஐ.ஐ.டி.யில் 2018-இல் தொடங்கிய மோசிப் என்ற அடையாளத் தளம் ஜாவாவில்தான் எழுதப்பட்டது. நாடுகள் தம் குடிமக்களுக்கு அடையாள எண் தர அதைப் பயன்படுத்துகின்றன. பிலிப்பைன்ஸ் அவற்றில் ஒன்று. அதை நிறுவிப் பராமரிப்பவை அரசுகளும் அவற்றின் ஒப்பந்த நிறுவனங்களும். ஜாவா தெரிந்தவர்கள் எந்த நாட்டிலும் அத்தகைய நிறுவனங்களில் நிறைந்திருக்கிறார்கள். யார் பராமரிப்பார் என்ற அதே கேள்விக்கு அங்கே வேறு பதில், அவ்வளவுதான். நம் தளத்தைப் பராமரிக்கப்போவது சனிக்கிழமை மதியம் நேரம் கிடைக்கும் மாணவரும், ஓய்வுபெற்ற ஒரு பொறியாளரும், குடியிருப்புச் சங்கச் செயலாளரின் மகளும்.

பராமரிக்க ஆள் இருக்கும் இடத்தைப் பார்த்துக் கட்டும் இந்தச் சிந்தனைக்குத் தாம்பரம் பக்கம் ஒரு முன்வரலாறு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. சி-டாக் 2007-இல் வெளியிட்ட பாஸ் இயங்குதளத்தை அவர்கள் வெறுந்தரையிலிருந்து கட்டவில்லை. உலகெங்கும் தன்னார்வலர்கள் பராமரிக்கும் டெபியன் மேல்தான் கட்டினார்கள். ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளின் பராமரிப்பு வேலை அப்படியே மிச்சம்.

நாவலூர் எத்தனை எழுத்து?

இவ்வளவு நேரம் மனிதர்களைப் பற்றிப் பேசினோம். சில சமயம் பொருளே மொழியைக் கேட்கும். நம் தளத்தில் ஊர்ப்பெயர்கள் தமிழில் இருக்கும் அல்லவா? ‘நாவலூர்’ என்பதில் எத்தனை எழுத்து என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் நா, வ, லூ, ர் என்று விரல் மடக்கி நாலு என்று சொல்லிவிடும். கணினி அப்படிச் சொல்லாது. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இடம் மொத்தம் 128. 247 எழுத்தும் தனித்தனியாக அதில் இல்லை. உயிர்மெய்யை அகர மெய்யும் அதன் பின்னால் வரும் குறியும் சேர்ந்து உருவாக்குகின்றன. ந, துணைக்கால், வ, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி என்று நாவலூருக்கு ஏழு குறியீடுகள். பைத்தான் 3-இலும் ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் நீளம் கேட்டால் 7 என்று வரும். ஒவ்வொரு குறியீடும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் பிடிப்பதால், கோ மொழியிலும் ரஸ்ட்டிலும் நேரடியாக நீளம் கேட்டால் 21. ஸ்விஃப்டும் எலிக்ஸிரும்தான் அந்தப் பிள்ளையைப் போல 4 என்கின்றன.

எண்ணிக்கைதானே என்று விட்டுவிட முடியாது. அந்தப் பெயரைக் குறியீடு குறியீடாகத் திருப்பிப் போட்டால் முன்னால் ஒரு புள்ளி அந்தரத்தில் நிற்கும். பிறகு ரூ, ல, வா, ந என்று வரும். ஊகாரக் குறி லகரத்தை விட்டு ரகரத்தில் ஏறிக்கொண்டது, துணைக்கால் நகரத்தை விட்டு வகரத்துக்குப் போய்விட்டது. ரசீதில் இடம் போதாமல் ஆறு குறியீட்டோடு வெட்டினால் ‘நாவலூர’ என்று அச்சாகும். கோவளத்துக்கு வேறொரு தொல்லை. ‘கோ’வில் வரும் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பையும் துணைக்காலையும் அடுத்தடுத்து வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. தரவுத்தளத்திலோ இரண்டு கோவளம் இருக்கும். ஒன்றைத் தேடினால் மற்றதன் லாரிகள் கணக்கில் வராது. யூனிகோடு இதற்குச் சீராக்கம் என்றொரு வழி வைத்திருக்கிறது, பைத்தானின் அடிப்படைத் தொகுப்பிலேயே அதற்கான கருவி உண்டு. முதல் நாளே அதைப் போட்டுவிட வேண்டும். பிறகு போட்டுக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பழைய தரவைத் துவைத்துத் துவைத்து ஓய்ந்துபோவார்கள்.

அப்படியானால் தமிழுக்காக ஸ்விஃப்டையோ எலிக்ஸிரையோ எடுக்க வேண்டுமா? தேவையில்லை என்பதற்குச் சான்று ஓப்பன்-தமிழ் என்ற லைப்ரரி. முத்து அண்ணாமலை முன்னின்று பலர் சேர்ந்து பைத்தானில் எழுதியது. ஒரு சொல்லைக் கொடுத்தால் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும். மொழியில் இல்லாததை லைப்ரரி நிரப்பிவிடுகிறது. மொழியோடு வரும் ஆட்களை எந்த லைப்ரரியும் நிரப்பித் தராது. அதே முத்து அண்ணாமலை தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத எழில் என்ற மொழியை உருவாக்கினார். பதிப்பி, ஆனால், இல்லை, முடி என்பவை அதன் கட்டளைச் சொற்கள். அதன் இயக்கியும் பைத்தானில் எழுதியதுதான். ஒரு மொழி மேல் இன்னொரு மொழி ஏறி ஓடுவதால் எழில் பைத்தானைவிட மெதுவாகவே ஓடும். நிரல் எழுதக் கற்கும் சிறுவனுக்கு அது ஒரு பொருட்டா?

இந்தக் கதையில் ஒரு கசப்பும் உண்டு. பைத்தான் 2-இல் சாதாரணச் சரம் என்பது வெறும் பைட்டுகள். நாவலூர் அங்கே 21. யூனிகோடுச் சரம் என்று தனியாகச் சொன்னால்தான் 7. 2008 டிசம்பரில் வந்த பைத்தான் 3 இதைச் சீர்செய்தது, ஆனால் பழைய நிரல்கள் அதில் அப்படியே ஓடவில்லை. பைத்தான் 2-க்கு 2020 ஜனவரி 1 அன்றுதான் கடைசியாகத் திரை விழுந்தது. நடுவில் பதினோரு வருடம். தமிழோடு வேலை செய்தவர்கள் இரண்டு பைத்தானுக்கும் ஈடுகொடுத்து எழுத வேண்டியிருந்தது. பிரபலமான மொழி என்றால் பாதுகாப்பான மொழி என்று அர்த்தமில்லை.

சக்தியின் பந்தயம்

ஆள் பலத்தைப் பார்க்காமல் பொருளின் தேவையை மட்டும் பார்த்து மொழியைத் தேர்ந்த திட்டமும் சென்னையில் இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் வி. காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய சக்தி செயலி (ப்ராசஸர்) அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுதியை எடுத்துக்கொண்டு, செயலியின் வடிவமைப்பையே திறமூலமாக வெளியிட்டார்கள். வன்பொருள்தான் என்றாலும் சிப்பின் வடிவமைப்பும் நிரலாகத்தான் எழுதப்படுகிறது. தொழிலில் பெரும்பாலோர் எழுதுவது வெரிலாக். சக்திக் குழு ப்ளூஸ்பெக்கைத் தேர்ந்தது. எம்.ஐ.டி. பேராசிரியர் அர்விந்தின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்த மொழி அது. அந்த எம்.ஐ.டி. மாசசூசெட்ஸில் இருப்பது, குரோம்பேட்டையில் இருப்பதல்ல.

வெரிலாக்கில் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் எந்தக் கம்பியில் என்ன நடக்க வேண்டும் என்று எழுதுபவரே சொல்லியாக வேண்டும். இரண்டு பகுதிகள் ஒரே சமயத்தில் ஒரே பதிவகத்தில் எழுதப் போனால், மோதலைக் கண்டுபிடிப்பதும் அவர் பாடுதான். ப்ளூஸ்பெக்கில் விதிகளை எழுதினால் போதும்: இந்த நிபந்தனை உண்மையானால் இந்த மாற்றம் முழுதாக நடக்கட்டும். எந்த விதிகள் ஒரே துடிப்பில் சேர்ந்து ஓடலாம், எவை மோதும் என்பதைக் கம்பைலர் பார்த்துக்கொள்ளும். மாணவர்கள் நிறைந்த சிறிய குழு ஒன்று செயலி கட்டத் துணிய இது பெரிய துணை. 2018-இல் இன்டெல்லின் ஓரிகான் ஆலையில் 22 நானோமீட்டரில் தயாரான ரைஸ்க்ரீக் சிப்பில் லினக்ஸ் ஓடியது. அதே வருடம் சண்டிகரை அடுத்துள்ள எஸ்.சி.எல். ஆலையில் 180 நானோமீட்டரில் ரிமோ தயாரானது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவோடு சேர்ந்து ஐரிஸ் சிப்பை அறிவித்தார்கள்.

விலையும் இருந்தது. ப்ளூஸ்பெக் தெரிந்தவர்கள் உலகிலேயே குறைவு. அதோடு, சக்தியின் மூலநிரல் திறந்திருந்தாலும் அதை வெரிலாக்காக மாற்றும் கம்பைலர் பல வருடம் ஒரு தனியார் நிறுவனத்தின் உரிமத்தில் பூட்டிக் கிடந்தது. நிரலைப் படிக்கலாம், திருத்தலாம். ஓட்டிப் பார்க்க உரிமம் வேண்டியிருந்தது. 2020 ஜனவரியில் அந்தக் கம்பைலர் திறமூலமாக வெளிவந்த பிறகுதான் சக்தி முழுதாகத் திறந்தது என்பேன். இதே பெர்க்லியினர் தங்கள் ராக்கெட் செயலியைச் சிசெல் என்ற மொழியில் எழுதினார்கள். ஸ்காலா மேல் கட்டிய அதன் கருவிகளில் இந்தப் பூட்டு இல்லை. சக்திக் குழு ஒன்றில் மட்டும் சாமர்த்தியமாக நடந்துகொண்டது: செயலி மேல் நிரல் எழுத வருகிறவர்களுக்கான கருவித்தொகுப்பை சி மொழியில் வைத்தார்கள். உள்ளே நுழைகிறவர் சிலர், மேலே கட்டுகிறவர் பலர் என்ற கணக்கு அது. மொத்தத்தில் பந்தயம் பலித்தது என்றே சொல்வேன். ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஓர் ஐ.ஐ.டி. இருந்தது, வருடா வருடம் புது மாணவர்கள் வந்தார்கள். நாவலூரின் நாலு பேருக்கு அந்த வசதி கிடையாது.

பூட்டிய கருவியை நம்பித் திறந்த திட்டம் நடத்தினால் என்ன ஆகும் என்பதை லினக்ஸ் 2005-இல் அனுபவித்தது. அதன் மூலநிரலின் மாற்றங்களைப் பேணி வந்தது பிட்கீப்பர் என்ற தனியார் கருவி, இலவச உரிமத்தில். உரிமத் தகராறில் அந்தச் சலுகை போயிற்று. லினஸ் டோர்வால்ட்ஸ் ஏப்ரல் மாதத்தில் சில நாட்களிலேயே கிட் என்ற மாற்றுக் கருவியை எழுதிவிட்டார். இன்று உலகமே அதைத்தான் பயன்படுத்துகிறது. நம் கூட்டத்தில் டோர்வால்ட்ஸ் இல்லை. எனவே தரவுத்தளம், வரைபடம், சோதனைக் கருவி எதை எடுத்தாலும், அதைத் தருகிறவர் நாளைக்கே மனம் மாறினால் என்ன செய்வோம் என்று கேட்டுக்கொண்டு எடுக்க வேண்டும். போஸ்ட்கிரஸ் போன்ற தரவுத்தளத்தை எந்த ஒரு நிறுவனமும் பூட்ட முடியாது. அதனாலேயே என் ஓட்டு அதற்கு.

நிரலில் எழுதும் குறிப்புகளுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். ஜெர்மன் நிறுவனம் ஒன்றில் பிறந்த ஸ்டார் ஆஃபீஸின் நிரல் குறிப்புகள் ஜெர்மனில் இருந்தன. அதன் வாரிசான லிப்ரே ஆஃபீஸ் 2010-இல் தனியாகக் கிளம்பிய பிறகு, அவற்றை ஆங்கிலமாக்கவே தன்னார்வலர்கள் வருடக்கணக்கில் உழைக்க வேண்டியிருந்தது. பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். நம் தளத்தில் வைக்கலாமா? உள்ளூர்ப் பிள்ளைகள் மட்டுமே பராமரிப்பார்கள் என்றால் தாராளமாக வைக்கலாம். பெங்களூருவிலோ கொழும்பிலோ யாராவது எடுத்துப் பயன்படுத்த வேண்டும் என்றால், பெயர்கள் ஆங்கிலத்திலும் நிறுவும் முறை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருப்பது நல்லது.

என் தீர்ப்பு, இந்தத் தளத்துக்குப் பைத்தானும் போஸ்ட்கிரஸும். இந்தச் சாலையின் கல்லூரிகளில் 2030-இல் வேறு மொழி சொல்லிக்கொடுத்தால் தீர்ப்பும் மாறலாம். நீங்கள் இப்படி ஒன்றைத் தொடங்குவதாக இருந்தால், மொழியை அறிவிக்கும் முன் பக்கத்துக் கல்லூரியின் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரை அழையுங்கள். ஒரு சிறிய மாதிரியைக் கொடுத்து, அவருடைய சொந்தக் கணினியில் நிறுவி ஒரு திருத்தம் செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், வாயைத் திறக்காதீர்கள். சாயங்காலத்துக்குள் அவரால் முடியவில்லை என்றால் மாற்ற வேண்டியது உங்கள் தேர்வை. முடிந்தால், ஏன் இந்த மொழியை எடுத்தோம், எதை விட்டோம் என்று ஒரே ஒரு பக்கம் எழுதி, தேதி போட்டு, நிரலோடு சேர்த்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வருகிறவர் முதலில் தேடப்போவது அந்தப் பக்கத்தைத்தான்.